ஆடுமாடு ஏற்றும் கப்பல்: விதி யார் கையில் இருக்கிறது?

2020 ஆகஸ்ட் 14ஆம் தேதி நியூசிலாந்தின் நேப்பியர் துறைமுகத்திலிருந்து சீனாவின் டாங்ஷான் பகுதிக்கு ஒரு கப்பல் புறப்பட்டது. பெயர் கல்ஃப் லைவ்ஸ்டாக் 1. உள்ளே 5,867 மாடுகள், 43 மனிதர்கள். அவர்களில் 39 பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள், மற்ற நால்வர் நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவர்கள். செப்டம்பர் 2ஆம் தேதி விடிவதற்கு முன், ஜப்பானின் அமாமி ஓஷிமா தீவுக்கு மேற்கே, மேசாக் சூறாவளிக்கு நடுவிலிருந்து அபாய அழைப்பு வந்தது. ஜப்பானியக் கடலோரக் காவல்படை இரண்டு பேரை உயிரோடு மீட்டது. இன்னொருவரின் உடல் கிடைத்தது. மற்ற 40 பேர் என்ன ஆனார்கள் என்பதைக் கடல்தான் அறியும். பிழைத்த ஒருவர் சொன்னது இவ்வளவுதான்: ஒரு எஞ்சின் நின்றது, பெரிய அலை ஒன்று பக்கவாட்டில் அடித்தது, கப்பல் கவிழ்ந்து மூழ்கிவிட்டது.

சூறாவளியில் எந்தக் கப்பலும் மூழ்கலாம் என்று இதைக் கடந்துபோய்விடலாம். ஆனால் இந்தக் கப்பல் எப்படிப்பட்டது என்று பார்த்தால் வேறு கேள்விகள் வருகின்றன. 2002இல் ஜெர்மனியில் கன்டெய்னர் கப்பலாகக் கட்டப்பட்டது. 2015இல்தான் ஆடுமாடு ஏற்றும் கப்பலாக மாற்றினார்கள். கொடி பனாமாவுடையது, அதாவது பதிவு அந்த நாட்டில். மூழ்குவதற்கு முந்தைய ஆண்டு ஆஸ்திரேலியாவின் புரூம் துறைமுகத்தில் இதைப் பரிசோதித்த அதிகாரிகள், நிலைப்புத்தன்மை தொடர்பாகவும் வழிசெலுத்தல் தொடர்பாகவும் குறைகளைப் பதிவு செய்திருந்தார்கள். அப்படியானால் கால்நடைக் கப்பலுக்கு எது பாதுகாப்பு என்று தீர்மானிப்பது யார்?

உலகக் கடல் சட்டம் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். சோலாஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கடலில் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை பன்னாட்டுப் பயணம் போகும் பெரிய சரக்குக் கப்பல்களுக்கெல்லாம் பொருந்தும். உயிர்காப்புப் படகு, தீயணைப்பு, வானொலி, நீர் புகாத தடுப்புச் சுவர் எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஆடுமாடு என்ற சரக்குக்கென்று தனி அத்தியாயம் கிடையாது. கோதுமையையோ சோளத்தையோ மொத்தமாகக் கொட்டி ஏற்றினால் அது சரியும், கப்பலைச் சாய்க்கும் என்பதற்காகப் பன்னாட்டுத் தானிய விதிக்கோவை என்ற கட்டாய விதித்தொகுப்பு 1994 முதல் நடைமுறையில் இருக்கிறது. அமிலம், வெடிமருந்துக்கு இன்னொரு தொகுப்பு. மரக்கட்டைக்குக்கூட ஒன்று உண்டு. தானாக எழுந்து நடக்கிற, மூச்சு விடுகிற, நாளுக்கு 45 லிட்டர் குடிக்கிற சரக்குக்கு மட்டும் அப்படி ஒன்று இல்லை. உலக விலங்கு சுகாதார அமைப்பு தன் நெறிமுறையில் கடல்வழிப் போக்குவரத்துக்கென்று ஒரு அத்தியாயம் வைத்திருக்கிறது. அது நல்ல வழிகாட்டிதான். ஆனால் துறைமுகத்தில் கப்பலைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் அதற்குக் கிடையாது.

எனவே இந்த இடைவெளியை ஏற்றுமதி செய்யும் நாடு நிரப்பினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஆஸ்திரேலியா நிரப்பியிருக்கிறது. அங்குள்ள கடல் பாதுகாப்பு ஆணையத்தின் 43ஆம் எண் கடல்சார் ஆணைதான் இந்தத் தொழிலில் மிகக் கறாரான விதி என்று சொல்லலாம். அதன்படி தனிச் சான்றிதழ் பெறாத கப்பல் அந்த நாட்டிலிருந்து ஒரு ஆட்டைக்கூட ஏற்ற முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 2005ஆம் ஆண்டின் 1ஆம் எண் ஒழுங்குமுறை இருக்கிறது. அப்புறம் சூடான், சோமாலிலாந்து, பிரேசில் என்று போகும்போது விதியின் அடர்த்தியும் மாறுகிறது, கப்பலின் தரமும் மாறுகிறது. ஒரே வளைகுடாச் சந்தைக்கு ஒரே மாதிரி ஆடுகள்தான் போகின்றன. ஆனால் எந்தக் கரையிலிருந்து ஏறின என்பதைப் பொறுத்து அவற்றின் பாதுகாப்பும், கூடப் போகும் மாலுமியின் பாதுகாப்பும் முடிவாகின்றன. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது. கால்நடை நலன் என்ற தலைப்பில் பேசப்படுவதில் பாதி, கப்பலில் இருக்கும் மனிதர்களின் உயிர் பற்றியது.

முதலில் கப்பல் நிமிர்ந்து நிற்பதைப் பார்ப்போம். இந்தத் தொழிலில் ஓடும் கப்பல்களில் கணிசமானவை வேறு வேலைக்குக் கட்டப்பட்டவை. பழைய கார் கப்பல், கன்டெய்னர் கப்பல், சாதாரணச் சரக்குக் கப்பல் ஆகியவற்றை வயதான பிறகு வாங்கி, மேலே அடுக்கடுக்காகத் தளங்கள் எழுப்பி, கம்பி போட்டுப் பட்டிகளாகத் தடுத்துவிடுகிறார்கள். கன்டெய்னர் கப்பலில் கனமான பெட்டிகளை அடியில் வைத்து எடையைக் கீழே கொண்டுவரலாம். மாட்டுக் கப்பலில் அது முடியாது. மாடு காற்றோட்டம் உள்ள இடத்தில், அதாவது உயரத்தில், நிற்க வேண்டும். எடையின் மையம் மேலே போகிறது. எழுப்பிய தளங்களின் பக்கச்சுவர் காற்றுக்குப் பாய் விரித்த மாதிரி ஆகிவிடுகிறது.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. பயணம் நீள நீள எடை தானாகவே கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒழுங்குமுறை ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு 45 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைக்கிறது. ஆட்டுக்கு 4 லிட்டர். அந்தக் கணக்கை 5,867 மாடுகளுக்குப் போட்டுப் பாருங்கள்: நாளுக்கு சுமார் 264 டன். இவ்வளவையும் மூன்று வாரத்துக்குச் சேர்த்து ஏற்றிக்கொள்வது நடக்காத காரியம் என்பதால் பெரிய கப்பல்கள் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்களை ஓட்டுகின்றன. தீவனமும் கூடவே குறைகிறது. அடித்தொட்டியில் இருந்த தண்ணீரும் கிடங்கில் இருந்த தீவனமும் மாட்டின் வயிறு வழியாகச் சாணமாக, மூத்திரமாக மேல்தளங்களில் சேர்கின்றன. கழுவிவிட்டால்தான் அந்த எடை போகும். கழுவும் தண்ணீர் வடிய வேண்டிய துளைகளில் வைக்கோலும் சாணமும் அடைத்துக்கொண்டால், தளத்திலேயே தண்ணீர் தேங்கி, கப்பல் சாயும் பக்கமெல்லாம் ஓடுகிறது. பாதி காலியான தொட்டியில் ஆடும் தண்ணீரும் இதையேதான் செய்யும். கப்பல் கட்டுபவர்கள் தடையற்ற நீர்ப்பரப்பு என்று இதற்குப் பயப்படுவார்கள். உயரத்தில் நடந்தால் இதன் விளைவு இன்னும் கடுமை.

பிறகு மாடுகளே இருக்கின்றன. கப்பல் ஒரு பக்கம் சாயும்போது சில ஆயிரம் உயிர்கள் ஒரே திசையில் கால் சறுக்கி ஒதுங்குகின்றன. பட்டியைச் சிறிதாகத் தடுப்பது நெரிசலைத் தவிர்ப்பதற்காக மட்டும் இல்லை. ஒரு பட்டிக்குள் எவ்வளவு தூரம் அவை சரிய முடியும் என்பதுதான் சாய்வைக் கட்டுப்படுத்துகிறது. ஆஸ்திரேலிய ஆணை இதை வெளிப்படையாகக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது: கால்நடை ஒரு பக்கம் ஒதுங்கினால் எவ்வளவு சாயும், தீவனம் சரிந்தால் எவ்வளவு, அதோடு காற்றும் அடித்தால் எவ்வளவு என்று மூன்றையும் கூட்டிப் பார்த்த பிறகும் கப்பல் நிமிர வேண்டும்.

இந்தக் கணக்கைப் போடாதபோது, அல்லது போட்டதை மதிக்காதபோது என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 2009 டிசம்பர் 17ஆம் தேதி டேனி எஃப் 2 என்ற கப்பல் லெபனானின் திரிப்போலிக்கு அருகே புயலில் கவிழ்ந்தது. 1975இல் கார் ஏற்றக் கட்டிய கப்பல் அது. உருகுவேயிலிருந்து சிரியாவுக்கு 10,224 ஆடுகளும் 17,932 மாடுகளும் கொண்டுபோனது. கப்பலில் இருந்த 83 பேரில் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கேயாவது புயல் இருந்தது. 2015 அக்டோபரில் பிரேசிலின் பாரா மாநிலத்தில் ஹைதர் என்ற கப்பல் துறைமுக மேடையிலேயே, கட்டிய கயிற்றோடு, சுமார் 5,000 மாடுகளுடன் சாய்ந்து மூழ்கியது. 2019 நவம்பர் 24ஆம் தேதி குவீன் ஹிந்த் ருமேனியாவின் மிடியா துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய சிறிது நேரத்திலேயே 14,000க்கும் மேற்பட்ட செம்மறி ஆடுகளோடு கவிழ்ந்தது. பிழைத்தவை இருநூறைத் தொடவில்லை. பின்னர் கப்பலை நிமிர்த்தப் போன மீட்புக்குழு, வரைபடத்தில் இல்லாத தளங்களும் அவற்றில் செத்த ஆடுகளும் இருந்ததாகச் சொன்னது. 2022 ஜூனில் சூடானின் சுவாகின் துறைமுகத்தில் மூழ்கிய பத்ர் 1 கப்பலில் 15,000க்கு மேல் ஆடுகள். அதன் கொள்ளளவே சுமார் 9,000 என்று துறைமுக அதிகாரி ஒருவர் செய்தியாளர்களிடம் சொன்னார்.

கடைசி மூன்றிலும் சூறாவளி இல்லை. கரை கண்ணுக்கு எட்டும் தூரம், அல்லது கரையிலேயே. கிளம்பும் முன் ஒரு அதிகாரி தலைகளை எண்ணியிருந்தால், சாய்வுக் கணக்குத் தாளைக் கேட்டுப் பார்த்திருந்தால் தடுத்திருக்கக்கூடியவை என்று நான் நினைக்கிறேன். பெரிய பொறியியல் எதுவும் தேவையில்லை.

கவிழ்வது அரிது. தினமும் நடக்கும் ஆபத்து காற்று. ஆடுமாடு ஒவ்வொன்றும் உடலிலிருந்து வெப்பத்தையும் ஈரத்தையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. மூடிய தளத்தில் ஆயிரக்கணக்கானவை நின்றால் அந்தக் காற்றை ஒரு மணி நேரத்தில் பல தடவை மாற்றியாக வேண்டும். ஆஸ்திரேலிய ஆணை தளத்தின் உயரத்தைப் பொறுத்து மணிக்கு 20 முதல் 30 முறை மாற்றச் சொல்கிறது. சராசரி மட்டும் போதாது, மூலையில் நிற்கும் ஆட்டின் மூக்குக்கும் காற்று போய்ச் சேர வேண்டும். ஒரே தளத்தில் மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு வைத்து ஆடு ஏற்றும் பழைய அமைப்பை அந்த ஆணை 2020 தொடக்கத்தோடு ஒழித்ததற்கும் காரணம் இதுதான். அடுக்குகளுக்கு நடுவே காற்று புகவில்லை.

எவ்வளவு காற்றடித்தாலும் ஒரு கட்டத்துக்கு மேல் பயன் இல்லை என்பதுதான் சிக்கல். மே மாதச் சென்னையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் வியர்வை காயாத நாள் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ஈரக்குமிழ் வெப்பநிலை என்ற அளவு வெப்பத்தையும் காற்றிலுள்ள ஈரத்தையும் சேர்த்து இதைத்தான் காட்டுகிறது. குளிர்காலத்து ஆஸ்திரேலியாவிலிருந்து ஏறிய செம்மறி ஆட்டுக்கு ஈரக்குமிழ் அளவு 28 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று அங்குள்ள வல்லுநர் குழு பரிந்துரைத்தது. ஆகஸ்டில் பாரசீக வளைகுடாவில் அது 30ஐத் தாண்டுவது சாதாரணம். வெளியிலிருந்து இழுத்துவிடும் காற்றே அப்படி இருந்தால், மின்விசிறி சூடான ஈரக் காற்றைச் சூடான ஈரக் காற்றால் மாற்றிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான்.

திறந்த தளங்கள் இருக்கும் கப்பல்களில் இன்னொரு வினோதம் உண்டு. அங்கே காற்றோட்டம் என்பது கப்பல் ஓடுவதால் கிடைப்பது. பின்னாலிருந்து அடிக்கும் காற்றும் கப்பலும் ஒரே வேகத்தில் போனால் தளத்தில் காற்றே இருக்காது. அப்போது கேப்டன்கள் நேர்வழியை விட்டுக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, பக்கக் காற்றைப் பிடிப்பார்கள். துறைமுகத்தில் நின்றுவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும். வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் பாதி ஆட்டை இறக்கிவிட்டு அடுத்த துறைமுகத்துக்குப் போகும் பயணங்களில், அந்த நின்ற நேரங்கள்தான் சாவு நேரங்கள்.

2017 ஆகஸ்டில் அவாசி எக்ஸ்பிரஸ் கப்பலில் நடந்தது அதுதான். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிரிமேண்டில் துறைமுகத்தில் ஏறிய 63,804 ஆடுகளில் சுமார் 2,400 வெப்பத்தில் செத்தன. அப்போதைய விதியின் கண்ணில் இது ஒரு எண்ணிக்கை மட்டுமே. அறிக்கை எழுதினார்கள், முடிந்தது. அந்தக் கப்பலில் இருந்த பாகிஸ்தானைச் சேர்ந்த பயிற்சி அதிகாரி ஒருவர் கைபேசியில் எடுத்த காட்சிகள் 2018 ஏப்ரலில் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் வந்தபோதுதான் நாடு கொதித்தது. மைக்கேல் மெக்கார்த்தி என்ற கால்நடை மருத்துவரின் தலைமையில் ஆய்வு நடந்தது. ஏற்றுமதி நிறுவனத்தின் உரிமம் ரத்தானது. வடகோள வெயில் காலத்தில், பொதுவாக ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை, மத்திய கிழக்குக்கு ஆடு அனுப்புவதே நின்றது. பத்தாண்டுகளாக மருத்துவர்களும் அறிக்கைகளும் செய்ய முடியாததை ஒரு கைபேசி செய்தது என்பதை அந்நாட்டு அதிகாரிகள் பெருமையாக எடுத்துக்கொள்ள முடியாது.

மெக்கார்த்தியின் பரிந்துரைகளில் முக்கியமானது இட அளவு. முன்பு எடைக்கு இவ்வளவு என்று ஒரு பட்டியல் இருந்தது. 50 கிலோ ஆட்டுக்கு அது கிட்டத்தட்ட 0.3 சதுர மீட்டர் தந்தது. அதற்குப் பதிலாக உடலின் பரப்பு எடையோடு எப்படி வளர்கிறது என்ற கணக்கை எடுத்தார்கள். எடையை 0.66 அடுக்குக்கு உயர்த்தி 0.033 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். அதே ஆட்டுக்கு இப்போது சுமார் 0.44 சதுர மீட்டர் வருகிறது. பார்த்தால் சின்ன வித்தியாசம். ஆனால் எல்லா ஆடும் ஒரே நேரத்தில் படுக்க முடியுமா, தீவனத் தொட்டி வரை முட்டி மோதாமல் போக முடியுமா என்பது அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. கப்பல் முதலாளிக்கு அது ஒரு பயணத்தில் பல்லாயிரம் ஆடு குறைவு.

புதுக் கப்பல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாதிடுபவர்கள் உண்டு. கால்நடைக்கென்றே கட்டிய பெக்ரக்ஸ் கப்பல் 2002இல் தன் முதல் பயணத்திலேயே 800க்கும் மேற்பட்ட மாடுகளை வெப்பத்தில் இழந்தது. அன்றைக்கு உலகிலேயே நவீனமான கால்நடைக் கப்பல் அது. தவறு இயந்திரத்தில் மட்டும் இல்லை. குளிர்ப் பிரதேசத்து மாட்டு இனங்களைக் கோடையில் வளைகுடாவுக்கு அனுப்பியதுதான் தவறு. கப்பலின் தரம் ஒரு பாதி. எந்த விலங்கை, எந்த மாதத்தில், எங்கே என்பது மறுபாதி.

காற்று என்றதும் நாற்றமும் சேர்ந்துகொள்கிறது. மூத்திரம் சிதையும்போது வரும் அமோனியா கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும். பத்து லட்சத்தில் 25 பங்கு என்ற அளவைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. 2024 பிப்ரவரியில் பிரேசிலிலிருந்து ஈராக் போகும் வழியில் அல் குவைத் என்ற கப்பல் 19,000 மாடுகளோடு கேப் டவுனில் தீவனம் ஏற்ற நின்றபோது நகரமே மூக்கைப் பிடித்தது. சாக்கடை எங்கோ உடைந்துவிட்டது என்று நினைத்து மாநகராட்சி ஆட்களை அனுப்பித் தேடியது. கரையில் இருந்தவர்களுக்கு ஓரிரு நாள் தொந்தரவு. கப்பலின் உள்ளே வேலை செய்பவர்கள் வாரக்கணக்கில் அந்தக் காற்றில்தான் இருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும் மின்சாரம் தாங்கி நிற்கிறது. சாதாரணச் சரக்குக் கப்பலில் ஜெனரேட்டர் நின்றால் விளக்கு அணையும், சரக்குக்கு ஒன்றும் ஆகாது. இங்கே மின்விசிறி நின்ற சில மணி நேரத்தில் கீழ்த்தளங்களில் சாவு தொடங்கிவிடும். அதனால்தான் முதன்மை மின் அமைப்பு செயலிழந்தாலும் காற்றோட்டம், தண்ணீர், விளக்கு, வடிகால் ஆகியவற்றை ஓட்டக்கூடிய தனி மின்மூலத்தை ஆஸ்திரேலியா கேட்கிறது. வைக்கோலும் தீவனத் தூசியும் நிரம்பிய இடத்தில் தீ என்பது இன்னொரு பயம். 1980இல் ஃபரீத் ஃபாரெஸ் கப்பல் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு அப்பால் 40,605 ஆடுகளோடு எரிந்தது. 1996இல் யூனிசெப் கப்பல் இந்தியப் பெருங்கடலில் எரிந்தபோது அதில் 67,488 ஆடுகள் இருந்தன.

சரி, இவ்வளவு இழப்பு வந்தும் இந்தத் தொழில் ஏன் பழைய கப்பல்களிலேயே ஓடுகிறது? இழப்பு யார் கணக்கில் விழுகிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். நம் ஊருக்கே இதில் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர்கள் பாரசீக வளைகுடாவிலிருந்து ஆண்டுதோறும் கடல்வழியாகக் குதிரைகள் வாங்கினார்கள். வரலாறு எழுதிய பாரசீகர் வஸ்ஸாப், கிஷ் தீவிலிருந்து வருடத்துக்கு 1,400 குதிரைகள், தலைக்கு 220 தங்க தினார் என்ற ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்கிறார். வழியில் குதிரை காயம் பட்டாலும் செத்தாலும் அதன் விலையை அரசுக் கருவூலமே கொடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. வணிகருக்கு இதைவிட நல்ல ஒப்பந்தம் கிடைக்காது. ஆனால் உயிரோடு இறக்கினாலும் செத்து இறக்கினாலும் ஒரே விலை என்றால், மரக்கலத்தில் குதிரைக்கு இன்னும் ஒரு முழம் இடம் விட யார் மெனக்கெடுவார்கள்?

இன்றைய ஒப்பந்தங்கள் அப்படி இல்லை. செத்த ஆட்டுக்கு வாங்குபவர் காசு தரமாட்டார். ஆனால் நூற்றுக்கு ஒன்றிரண்டு சாவைச் சரக்குக் கட்டணத்தைப் போல ஒரு செலவாக எழுதிக்கொள்ளலாம். ஒரு ஆட்டுக்கு அதிக இடம் விட்டால் எல்லா ஆட்டின் செலவும் ஏறும். நெருக்கி ஏற்றினால் சில ஆடு மட்டும் சாகும். லாபக் கணக்கு இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கும். இதற்கு எதிராக வைத்த விதிதான் அறிக்கை வரம்பு: இவ்வளவுக்கு மேல் செத்தால் அரசு விசாரிக்கும். ஆஸ்திரேலியாவில் ஆடுகளுக்கு அது 2 சதவீதமாக இருந்தது, 2018இல் 1 ஆனது. என் பார்வையில் இந்த வரம்புக்கு ஒரு குறை உண்டு. அது சாவை மட்டும் எண்ணுகிறது. வாயைத் திறந்து மூச்சிரைத்தபடி மூன்று நாள் நின்று, பிழைத்து இறங்கிய ஆடு அந்தக் கணக்கில் நலமாகப் போய்ச் சேர்ந்த ஆடு. இதனால்தான் இரைப்பின் கடுமையைப் படிகளாகப் பிரித்து தினமும் குறிக்கச் சொல்லும் முறை பின்னால் வந்தது.

இன்னொரு ஆபத்துக்குக் கப்பலின் தரத்தோடு சம்பந்தமே இல்லை. போன இடத்தில் இறக்க விடவில்லை என்றால் என்ன செய்வது? 2003இல் கோர்மோ எக்ஸ்பிரஸ் 57,000க்கு மேற்பட்ட ஆடுகளோடு சவூதி அரேபியா போனது. வாய்ப்புண் நோய் அதிகமாக இருக்கிறது என்று சவூதி மறுத்தது. ஆஸ்திரேலியா நாடு நாடாகக் கேட்டுப் பார்த்தது. யாரும் வாங்கவில்லை. கடைசியில் எரித்ரியா இலவசமாக ஏற்றுக்கொண்டபோது மாதங்கள் ஓடி 5,000க்கும் மேற்பட்ட ஆடுகள் செத்திருந்தன. அதன் பிறகுதான், நோய்ச் சோதனையின் முடிவு எதுவானாலும் முதலில் கரையில் இறக்கிவிட வேண்டும் என்று வாங்கும் நாடுகளோடு ஆஸ்திரேலியா ஒப்பந்தம் போட ஆரம்பித்தது. அப்படி ஒன்று இல்லாத ஸ்பெயின் 2021இல் அதே பாடத்தைப் படித்தது. நீலநாக்கு நோய் சந்தேகத்தால் துருக்கியும் பிறரும் மறுத்த எல்பெய்க், கரீம் அல்லா என்ற இரண்டு கப்பல்கள் இரண்டு முதல் மூன்று மாதம் வரை மத்தியதரைக் கடலில் அலைந்து ஸ்பெயினின் கார்த்தஹேனா துறைமுகத்துக்குத் திரும்பின. மாடுகளைக் கொல்ல வேண்டியதாயிற்று.

ஐரோப்பிய ஒழுங்குமுறை பயணத்துக்கு வேண்டிய தீவனமும் தண்ணீரும் போக 25 சதவீதம் அல்லது மூன்று நாளுக்கானது, இதில் எது அதிகமோ அதைக் கூடுதலாக வைக்கச் சொல்கிறது. மூன்று மாத அலைச்சலுக்கு முன்னால் அது எம்மாத்திரம்! போரும் இதே வேலையைச் செய்யும். 2024 ஜனவரியில் ஃபிரிமேண்டிலிலிருந்து கிளம்பிய பஹிஜா என்ற கப்பல், செங்கடலில் யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்களின் தாக்குதலால் பாதி வழியில் திரும்ப உத்தரவானது. சுமார் 14,000 ஆடும் 2,000 மாடும் ஆஸ்திரேலியக் கோடை வெயிலில் துறைமுகத்தில் காத்திருந்தன. சொந்த நாட்டுக் கரையிலேயே இறக்குவதற்கும், நோய் நாட்டுக்குள் நுழையாமல் தடுக்கும் விதிகள் குறுக்கே நின்றன என்பதுதான் வேடிக்கை.

இப்படியே போனதில் சில நாடுகள் கடையையே மூடத் தீர்மானித்தன. கல்ஃப் லைவ்ஸ்டாக் 1 மூழ்கிய பிறகு நியூசிலாந்து முதலில் ஏற்றும் அடர்த்தியைக் குறைத்துக் கூடுதல் தீவனம் கேட்டது. பிறகு 2022இல் சட்டத்தைத் திருத்தி, 2023 ஏப்ரல் 30க்குப் பிறகு கடல்வழி கால்நடை ஏற்றுமதியை நிறுத்தியது. அடுத்து வந்த அரசு அதைத் திரும்பக் கொண்டுவரப் பேசியது தனிக்கதை. பிரிட்டன் 2024இல் தடைச் சட்டம் போட்டது. ஆஸ்திரேலியா 2028 மே 1 முதல் கடல்வழி செம்மறி ஆட்டு ஏற்றுமதிக்குத் தடை என்று 2024இல் சட்டம் இயற்றியது. மாடுகளுக்கு அந்தத் தடை இல்லை. டார்வினிலிருந்து இந்தோனேசியாவுக்குச் சில நாளில் முடியும் மாட்டுப் பயணங்கள் தொடரும்.

விலங்கு நல ஆர்வலர்கள் இவற்றைக் கொண்டாடியதில் தவறில்லை. ஆனால் வளைகுடாவின் தேவை குறையவில்லை. ஹஜ் காலத்தில் பல லட்சம் ஆடுகள் வேண்டும். ஆஸ்திரேலியா விட்டுக்கொடுக்கும் இடத்தைச் சோமாலிலாந்தின் பெர்பெரா, சூடான், ருமேனியா போன்ற துறைமுகங்கள் எடுத்துக்கொள்ளும். பயணம் குறுகியது என்பது அவற்றுக்குச் சாதகம். பரிசோதனை தளர்வு என்பது பாதகம். குஜராத்தில் கண்ட்லாவை அடுத்த டூனா துறைமுகத்திலிருந்து ஆடுகள் வளைகுடாவுக்குப் பெரிய கப்பலில் போவதில்லை, மரக்கலத்தில் போகின்றன. மேலே சொன்ன காற்றுக் கணக்கு, சாய்வுக் கணக்கு எதுவும் அந்த மரக்கலங்களுக்காக எழுதப்பட்டதே இல்லை. உயிருள்ள ஆடுமாடு ஏற்றுமதியைச் சட்டத்துக்குள் கொண்டுவரும் மசோதா ஒன்றை இந்திய அரசு 2023 ஜூனில் கருத்துக் கேட்க வெளியிட்டு, எதிர்ப்பு வந்ததும் அதே மாதத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டது. எதிர்த்தவர்களின் கவலை நியாயமானதுதான். ஆனால் மசோதா போனதோடு கப்பலின் தரம் பற்றிய பேச்சும் போய்விட்டது, ஏற்றுமதி மட்டும் போகவில்லை.

தடை போடும் நாடு தன் கையிலிருந்த சான்றிதழ் அதிகாரத்தையும் சேர்த்தே விடுகிறது. 43ஆம் எண் ஆணைக்காகப் பணம் செலவழித்து மின்விசிறியை மாற்றிய கப்பல் முதலாளிக்கு, ஃபிரிமேண்டிலில் ஆட்டுச் சரக்கு இல்லையென்றால் அந்தத் தரத்தைக் காப்பாற்ற என்ன காரணம் மிஞ்சும்? லண்டனில் இருக்கும் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பில் உறுப்பு நாடு எதுவும் கால்நடைக் கப்பலுக்கென்று ஒரு கட்டாய விதித்தொகுப்பை முன்மொழியலாம். தானியத்துக்கு அது வந்ததே, தானியக் கப்பல்கள் வரிசையாகக் கவிழ்ந்த பிறகுதான். ஆஸ்திரேலியாவிடம் அதற்கான வரைவு கிட்டத்தட்டத் தயாராக இருக்கிறது. 2028க்குள் அதை லண்டனுக்குக் கொண்டுபோவது, தடைச் சட்டத்தைவிட அதிக ஆடுகளுக்கும் அதிக மாலுமிகளுக்கும் உதவும் என்பது என் கணிப்பு.